கோஸ் எடுத்த நிலத்தில் பூண்டு ஏன் பிந்துகிறது? வேம் போட்டால் மணிச்சத்து ஏறுமா?

பூம்பாறைப் பூண்டு

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு, உருளை, பீன்ஸ், கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒரே மட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு துண்டு நிலம். ஒன்றில் போன போகம் பீன்ஸ், மற்றதில் முட்டைக்கோஸ். இப்போது இரண்டிலும் மலைப்பூண்டு. விதைப்பூண்டு ஒரே மூட்டை, தொழு உரம் ஒரே குவியல், அடியுரமாகப் போட்ட சூப்பர் பாஸ்பேட்டும் ஒரே அளவு.

பீன்ஸ் எடுத்த துண்டில் பயிர் நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. கோஸ் எடுத்த துண்டில் தாள் மெலிந்து, நுனி பழுத்து, ஏதோ பிந்தி நட்டது போலக் கிடக்கிறது. உரக்கடையில் கேட்டேன். "மணிச்சத்து ஏறவில்லை, வேம் போடுங்கள்" என்று ஒரு பையை எடுத்துக் காட்டினார். விலை பரவாயில்லை. ஆனால் அது பூஞ்சை என்கிறார்கள். பூஞ்சை என்றால் எங்களுக்குத் தெரிந்தது பூண்டு அழுகலும் உருளைக் கருகலும்தான். காசு கொடுத்துப் பூஞ்சையை வாங்கி நிலத்தில் போடுவாயா என்று அம்மா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நஞ்சநாட்டான்

அண்ணா, வேளாண்மை படித்துவிட்டு ஊட்டிப் பக்கம் அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன். கடைக்காரர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறினால் தண்ணீரோடு சேர்ந்து வேருக்கு வந்துவிடும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்படி வராது. மண்ணில் அது ஒரு நாளில் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த வளையம் காலியாகிவிடும். அதற்கு வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே வந்து சேர நாளாகும். நம் மலை மண்ணில் இதற்கு மேலும் ஒரு தொல்லை. மண் புளிப்பு, இரும்பும் அலுமினியமும் தாராளம். கரைந்த பாஸ்பேட்டை அவை இரண்டும் பிடித்துக்கொள்ளும். மலை உருளைக்குத் தழைச்சத்தைவிட மணிச்சத்தை இரண்டு மடங்கு போடச் சொல்வதே இதனால்தான்.

வேம் என்று கடையில் சொல்வது வேர் உட்பூசணம். அழுகல் பூஞ்சைக்கும் இதற்கும் உறவு இல்லை, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இது வேருக்குள் நுழைந்து, செல்களுக்குள்ளே நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து நிற்கும். வெளியே இருக்கும் இழைகள் மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் போகும். வேர்த்தூவியைவிட மெல்லியவை, அதனால் வேர் நுழைய முடியாத மண் இடுக்கிலும் நுழைந்துவிடும். அங்கே கிடைக்கும் பாஸ்பேட்டை நீளச் சங்கிலிகளாகக் கோத்து, இழை வழியே உள்ளே கொண்டுவந்து, அந்தக் கிளைகள் வழியாகச் செடியிடம் கொடுக்கும்.

சும்மா கொடுக்காது. செடி தன் ஒளிச்சேர்க்கை வரவில் 4 முதல் 20 சதவீதம் வரை இதற்குக் கொடுக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொடுப்பது சர்க்கரை மட்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கொழுப்பும் போகிறது என்பது 2017-ல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டியது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளும் வசதி இந்தப் பூஞ்சைக்குக் கிடையாது. உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் வித்தாகத் தூங்கலாம், பெருக முடியாது.

இப்போது உங்கள் கோஸுக்கு வருகிறேன். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைத்திருப்பவை. கடுகுக் குடும்பம் வைப்பதில்லை. கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், டர்னிப், முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம். பீட்ரூட்டும் பாலக்கும் வேறு குடும்பம், ஆனால் அவையும் சேர்ப்பதில்லை. ஒரு போகம் முழுக்க கோஸ் நின்றால் அந்த மண்ணில் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லை. அடுத்து வருவது பூண்டு. வெங்காயக் குடும்பத்துக்கு வேர் தடிமன், கிளை குறைவு, வேர்த்தூவி மிகக் குறைவு. மணிச்சத்துக்குப் பூஞ்சையை ரொம்பவே நம்பும் பயிர். 1970-களின் தொடக்கத்தில் சாண்டர்ஸ், டிங்கர் என்ற இருவர் வெங்காயத்தில்தான் அளந்து பார்த்தார்கள். பூஞ்சை சேர்ந்த வேர் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உறிஞ்சிய மணிச்சத்து, சேராத வேரைவிட நான்கு மடங்குக்கு மேல்.

பீன்ஸ் எடுத்த நிலத்தில் பூஞ்சை தயாராக இருந்தது, கோஸ் எடுத்த நிலத்தில் குறைந்துபோயிருந்தது. என் கணிப்பு இதுதான்.

குன்னூர் தாத்தா

தம்பி பாடத்தை நன்றாகச் சொன்னார். நான் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். இதைப் போலப் பொருத்தமான விளக்கம் கையில் கிடைத்தவுடன் வேறு காரணம் தேடாமல் விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்குப் பயம்.

பூம்பாறைக்காரரே, சில கேள்விகள். கோஸுக்கு யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ எவ்வளவு கொட்டினீர்கள்? தழைச்சத்து உரம் மண்ணை மேலும் புளிக்க வைக்கும். புளிப்பு ஏறினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியையே கருக்கிவிடும். அந்த வேருக்குப் பூஞ்சை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பீன்ஸ் நிலத்துக்கு அவ்வளவு போட்டிருக்க மாட்டீர்கள். கோஸ் துண்டில் காலையில் உறைபனி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறதா? தண்ணீர் தேங்குகிறதா? இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் பூஞ்சைக்கு வர வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பை. 2022-ல் வந்த ஓர் ஆய்வில் பல நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து, விற்பனையில் இருந்த 28 வேம் சரக்குகளை வாங்கிச் சோதித்தார்கள். பூஞ்சை நீக்கிய மண்ணில் போட்டுப் பார்த்தபோதே பெரும்பாலானவை வேரில் ஒட்டவில்லை. பைக்குள் உயிர் இல்லை என்றுதானே அர்த்தம்? மேகன் ரயன், ஜேம்ஸ் கிரகாம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2018-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விவசாயி தன் நிலத்தில் இந்தப் பூஞ்சை எவ்வளவு இருக்கிறது என்று கவலைப்பட்டுச் சாகுபடியை மாற்றுவதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். மறுத்து எழுதியவர்களும் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை.

கேத்தி கேரட்

தாத்தா சொன்னது என் அனுபவம். கேரட்டுக்கு வேம் வாங்கிப் போட்டேன். போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்கும்போது அந்தப் பை கடை வாசலில் வெயிலில் கிடந்தது, தேதியும் அழிந்திருந்தது. சரி விடுங்கள்.

நஞ்சநாட்டான்

கேத்தி அண்ணா, உங்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பூஞ்சையைச் சுத்தமாக வளர்க்க ஆய்வகங்களில் பயன்படுத்துவதே கேரட் வேர்தான். 1980-களில் வந்த முறை. மரபணு மாற்றிய கேரட் வேரை மட்டும் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதில் பூஞ்சையை ஏற்றிவிடுவார்கள். அதனால் கேரட்டுக்கு இதைப் பிடிக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்கள் நிலத்தில் வித்தியாசம் தெரியாததற்குப் பை செத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். மணிச்சத்து ஏற்கனவே மண்டிக் கிடப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். செடிக்கு மணிச்சத்துக் குறையும்போது வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். அதை உணர்ந்துதான் பூஞ்சையின் இழை கிளைத்து வேரைத் தேடி வரும். இது 2005-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. மணிச்சத்து நிறைய இருந்தால் செடி அதைக் கசியவிடுவதைக் குறைத்துவிடும். ஒவ்வொரு போகமும் காம்ப்ளெக்ஸ், அதற்கு மேல் டி.ஏ.பி., அதற்கு மேல் கோழி எரு என்று போடும் நிலத்தில் வேம் பையைத் திறப்பது வீண் செலவு.

தாத்தாவுக்கு ஒரு சின்ன மறுப்பும் உண்டு. விளைச்சல் கூடவில்லை என்பதால் பூஞ்சை வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் சாலி ஸ்மித் குழு 2003-ல் கதிரியக்கப் பாஸ்பரஸ் வைத்துத் தக்காளியில் பார்த்தது. பூஞ்சையால் செடி பெரிதாகவில்லை. ஆனால் செடிக்குள் போன மணிச்சத்தில் பெரும்பங்கு பூஞ்சை வழியாகத்தான் போயிருந்தது. பூஞ்சை வந்ததும் வேர் தான் நேரடியாக உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இது தெரியாது.

குன்னூர் தாத்தா

தெரியாத ஒன்றுக்கு விவசாயி ஏன் காசு கொடுக்க வேண்டும்? என் கேள்வி அவ்வளவுதான். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேலை செய்யட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியில் இருந்து வாங்கிப் போடுவதைத்தான் கேட்கிறேன்.

தாண்டிக்குடி காப்பி

கீழ்ப்பழனி மலையில் காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட், மலைவாழை வைத்திருக்கிறோம். நாங்கள் வேம் போடுவது நாற்றுக்கு மட்டும். அங்கே பலன் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்றுப்பைக்கான மண்ணை வெயிலில் மூடாக்குப் போட்டுச் சூடேற்றுவோம், சிலர் மருந்தும் ஊற்றுவார்கள். கெட்டதோடு நல்லதும் செத்துவிடும். அதில் விதை போட்டால் காப்பி நாற்று கொஞ்ச நாள் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும்.

ஆரஞ்சுக்கும் இதே கதைதான். 1970-களில் அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் மண்ணுக்குப் புகைமருந்து விட்டார்கள். நோய் போனது, நாற்றும் குட்டையாக நின்றுவிட்டது. விஷம் ஏறிவிட்டதோ என்று பயந்தார்கள். கடைசியில் பார்த்தால் பூஞ்சை இல்லாததால் மணிச்சத்து ஏறவில்லை. பட்டர் ஃப்ரூட்டுக்கும் வேர்த்தூவி கிட்டத்தட்ட கிடையாது, அதுவும் அதே ரகம்.

நாற்றுக்குக் கொடுப்பதில் இன்னொரு லாபம். ஒரு பைக்கு 5 முதல் 10 கிராம் போதும், விதைக்குக் கீழே இட்டுவிட்டால் வேர் அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பூஞ்சை வேருக்குள் ஏறிய பிறகு தோட்டத்துக்கு அனுப்புவது, பெண்ணுக்குச் சீர் கொடுத்து அனுப்புவது மாதிரி. ஒரு ஏக்கர் முழுக்கத் தூவுவதில் அந்த உறுதி இல்லை.

பையும் நாங்கள் வாங்குவதில்லை. முதல் வித்துக்கு மட்டும் நல்ல இடத்தில் ஒரு கிலோ வாங்கி, வீட்டிலேயே பெருக்கிக்கொள்கிறோம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைதான். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஓரடி ஆழக் குழியில் கறுப்பு பாலித்தீன் விரிப்பு. வெர்மிகுலைட் என்ற ஈரம் பிடிக்கும் தாதுத் துகள் 50 கிலோவோடு, வேகவைத்து ஆறவைத்த மண் 5 கிலோ. மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே அந்த ஒரு கிலோ வேமைப் பரப்பி, மக்காச்சோளம் விதைக்க வேண்டும். உரம் என்றால் யூரியா, சூப்பர், பொட்டாஷ் எல்லாம் கிராம் கணக்கில்தான். இங்கே சூப்பரை அள்ளிப் போட்டால் காரியம் கெட்டது, காரணம் மேலே தம்பி சொல்லிவிட்டார். அறுபது நாளில் சோளத்தை அறுத்து, வேரைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் ஏறக்குறைய 55 கிலோ கிடைக்கும்.

சோலை நாற்றங்கால்

கொடைக்கானல் பக்கம் சோலை மர நாற்று வளர்ப்பவன். எங்கள் நாற்றுகளில் பெரும்பாலானவைக்கு இதே உட்பூசணம்தான்.

பலர் "சோலையில் ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து போட்டால் போதுமே" என்பார்கள். காப்புக்காட்டில் மண் அள்ளுவது சட்டப்படி தப்பு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வயல் மண்ணையும் கொண்டுவராதீர்கள். 1961-ல் நீலகிரியில் உருளையில் பொன்நிற நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், பழனி மலையிலும் அது இருக்கிறது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். நல்ல பூஞ்சை என்று நினைத்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்து, நூற்புழுவை நிலத்தில் இறக்கிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. உருளை போடுகிறவர்கள் ரொம்பக் கவனமாக இருங்கள்.

வாரக்கடைசி

நான் விவசாயி இல்லை, கொடைக்கானலுக்கு அடிக்கடி வருகிறவன். பைன் காட்டில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் பார்த்தேன். அது இந்தப் பூஞ்சையா? அதையே பறித்து நிலத்தில் போடலாமா? அப்புறம், அந்த இன்னொரு காளான் இருக்கிறதே...

கோத்தகிரி டீச்சர்

அந்த இன்னொரு காளான் சாணத்தில் வரும் போதைக் காளான், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். போலீஸ் வேறு பிடிப்பார்கள்.

சிவப்புக் குடை நல்ல கேள்வி. அது அமானிட்டா மஸ்காரியா, விஷம், தொட்டால் கையைக் கழுவுங்கள். அதுவும் வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. வேரின் வெளியே உறை போட்டு, செல்களுக்கு நடுவே மட்டும் போகும், செல்லுக்குள் நுழையாது. பைன் மரம் இந்த வகை இல்லாமல் பிழைக்காது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டு நட்டுப் பார்த்து, நாற்று மஞ்சளாகிச் செத்துக்கொண்டே இருந்தது. 1950-களில் அமெரிக்காவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் மரம் எழுந்தது. நம் மலையில் பைன் வெளியிலிருந்து வந்த மரம், அதன் அடியில் நிற்கும் அமானிட்டாவும் அதன் பின்னால் வந்த விருந்தாளிதான்.

பூண்டுக்கு அது ஒட்டாது. பூண்டில் ஏறும் பூஞ்சை குடை விரிக்கவே விரிக்காது. மண்ணுக்குள்ளேயே வித்து வைக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில் ஏறத்தாழ 40 கோடி வருடப் பழைய செடிகள் புதைபடிவமாக இருக்கின்றன. சரியான வேர்கூட இல்லாத செடிகள். அவற்றின் செல்லுக்குள்ளும் இதே கிளை தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாது என்றேன், ஆனால் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். பூம்பாறை ஐயா, இரண்டு நிலத்திலிருந்தும் மெல்லிய வேர்களைத் தனித்தனி டப்பாவில் கொஞ்சம் சாராயத்தில், அதாவது லேபில் கொடுக்கும் ஸ்பிரிட்டில், போட்டு அனுப்புங்கள். வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சுடவைத்தால் நிறம் போய்க் கண்ணாடி ஆகிவிடும். பிறகு பேனா மை கலந்த வினிகரில் சில நிமிடம் கொதிக்க வைத்து, வெறும் வினிகர் கலந்த தண்ணீரில் அலச வேண்டும். பூஞ்சை மட்டும் மையைப் பிடித்து நிற்கும். 1998-ல் வந்த முறை, விலை உயர்ந்த சாயம் தேவையில்லை. ஹைட்ராக்சைடு கையைப் பொசுக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நானே செய்கிறேன்.

பூம்பாறைப் பூண்டு

நன்றி டீச்சர், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். தாத்தா கேட்டதற்குப் பதில்: உறைபனி இரண்டு துண்டிலும் ஒன்றுதான். தண்ணீர் தேங்காது. யூரியா கோஸுக்கு நிறையப் போட்டோம், உண்மை. பீன்ஸுக்கு இல்லை. மண்ணை இரண்டு துண்டிலும் தனித்தனியாக எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

நஞ்சநாட்டான்

மண் பரிசோதனையில் மணிச்சத்தை எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள் அண்ணா. புளிப்பு மண்ணுக்குப் பிரே முறைதான் பொருத்தம். சமவெளிச் சுண்ணாம்பு மண்ணுக்கான ஓல்சன் முறையில் பார்த்துவிட்டு எண்ணைக் கொடுத்தால் நமக்கு உதவாது.

இன்னொன்று. நடும் முன் பூண்டுப் பல்லைக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கினீர்களா? நிறையப் பேர் அழுகலுக்குப் பயந்து செய்வார்கள். அது உட்பூசணத்தையும் அடிக்கும். பல்லை அதில் முக்கிவிட்டு அடியில் வேம் போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. மெட்டாலாக்சில் என்ற மருந்து இவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் அது வேறு நோய்களுக்கானது.

லூபின் பற்றியும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். நீலகிரியில் உருளைக்குப் பசுந்தாள் உரமாக லூபின் விதைப்பது உண்டு. அவரை வகை என்பதால் பூஞ்சையை வளர்க்கும் என்று நினைப்போம். லூபின் அந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு, இந்தப் பூஞ்சையைக் கிட்டத்தட்டச் சேர்ப்பதே இல்லை. அதற்குப் பதில், முக்கியமாக வெள்ளை லூபின், கொத்துக் கொத்தாக வேர் விட்டு சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்த மணிச்சத்தைத் தானே பிடுங்கி எடுக்கும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கும் கொத்துவேர் விடும் மரம்தான்.

வேம் இதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தூரத்தில் இருப்பதைக் கொண்டுவரும், இறுகிப்போனதைக் கரைப்பதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. கரைக்கிற வேலைக்குப் பாஸ்போபாக்டீரியா. மலையில் ராக் பாஸ்பேட் நன்றாக வேலை செய்வதற்கும் மண்ணின் புளிப்புத்தான் காரணம், அது மெதுவாகக் கரைத்துக் கொடுக்கும். மண்ணில் மணிச்சத்தே இல்லை என்றால் எந்தப் பூஞ்சையாலும் புதிதாக உண்டாக்கித் தர முடியாது.

கேத்தி கேரட்

அப்படியானால் பீட்ரூட், கேரட், கோஸ் என்று சுற்றுவதில் கேரட் மட்டும்தான் பூஞ்சைக்கு ஆதரவா? எங்கள் பக்கம் பாதி நிலம் இந்தச் சுற்றில்தான் போகிறது.

நஞ்சநாட்டான்

ஆமாம் அண்ணா. கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவே பீன்ஸோ பட்டாணியோ பூண்டோ உருளையோ வந்தால் நல்லது. கோஸ் வயலில் களை கொஞ்சம் இருந்தால் அதன் வேரில் பூஞ்சை தப்பிப் பிழைக்கும், சுத்தமாகக் களை எடுத்த வயலில்தான் அதிகம் விழும். கோஸில் இருக்கும் கடுகுக் காரம் பூஞ்சையைக் கொல்கிறது என்றும் சொல்வார்கள். அதைவிட வேர் கிடைக்காமல் போவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எதுவுமே விதைக்காமல் தரிசாகப் போட்டாலும் இதே நடக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப் பிறகு விதைத்த பயிர் மணிச்சத்து, துத்தநாகம் இரண்டும் இல்லாமல் வெளுத்ததை 1980-களில் தாம்சன் என்பவர் விளக்கினார். காரணம் பூஞ்சை குறைந்ததுதான்.

கோத்தகிரி டீச்சர்

பூம்பாறை வேர்கள் வந்தன. மை ஏற்றிப் பார்த்தேன், பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பீன்ஸ் எடுத்த நிலத்துப் பூண்டு வேரில் இழையும், உருண்டைப் பைகளும், நிறைய இடத்தில் கிளைகளும் இருக்கின்றன. கோஸ் எடுத்த நிலத்து வேரில் இல்லாமல் இல்லை. சில துண்டுகளில் நன்றாகவே இருக்கிறது, பல துண்டுகள் வெறுமை. மொத்தத்தில் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இது நட்டு நாளான வேர், ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்று கவனித்தேன். கோஸ் நிலத்து வேர்களில் நுனி தடித்து, பக்க வேர் குட்டையாக இருக்கிறது. அது பூஞ்சையின் வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

குன்னூர் தாத்தா

தடித்த நுனியா? அலுமினியம்!

பூம்பாறைப் பூண்டு

மண் முடிவும் வந்துவிட்டது. பீன்ஸ் துண்டில் கார அமில நிலை 5.4. கோஸ் துண்டில் 4.6, எண் குறைந்தால் புளிப்பு அதிகமாம். பிரே முறையில் மணிச்சத்து இரண்டிலும் "அதிகம்" என்று போட்டிருக்கிறார்கள். தாத்தா ஜெயித்துவிட்டாரா?

குன்னூர் தாத்தா

முக்கால்வாசி. மீதியைத் தம்பிக்குக் கொடுக்கிறேன், வேரில் பூஞ்சை குறைவு என்று டீச்சர் கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து அடித்திருக்கிறது. 4.6-ல் நிற்கும் நிலத்துக்கு முதல் மருந்து புளிப்பைத் தணிக்கும் டோலமைட் சுண்ணாம்பு. நடுவதற்குச் சில வாரம் முன்பே இட்டுக் கிளறிவிட வேண்டும், அளவைப் பரிசோதனைச் சீட்டில் எழுதியிருப்பார்கள். அடுத்து உருளை போடுவதாக இருந்தால் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கார அமில நிலை ரொம்ப ஏறினால் கிழங்கில் சொறி வரும்.

மணிச்சத்து அதிகம் என்று சீட்டே சொல்லும்போது இன்னும் சூப்பர் ஏன்? அந்தப் பணத்தில் டோலமைட் வாங்குங்கள்.

நஞ்சநாட்டான்

இதில் எனக்கும் தாத்தாவுக்கும் சண்டை இல்லை. ஒரேயடியாக நிறுத்தப் பயமாக இருந்தால் சூப்பரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள் அண்ணா. குளிர் காலத்தில் வேரும் மந்தம், பூஞ்சையும் மந்தம், அதனால் நடும் குழியில் கொஞ்சம் கொடுப்பது நியாயம். வயல் முழுக்க இறைப்பதை விட்டுவிடலாம்.

பூம்பாறைப் பூண்டு

அடுத்த போகம் கோஸ் துண்டுக்கு டோலமைட், சூப்பர் பாதி, கார்பென்டாசிம் முக்கல் இல்லை. வேமையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன், தாத்தா திட்டக்கூடாது. ஆனால் எங்கள் குளிருக்கு மக்காச்சோளம் ஏறாது. குழி எப்படிப் போடுவது?

தாண்டிக்குடி காப்பி

நீங்கள் போட வேண்டாம். எங்கள் குழியில் மீதி இருக்கிறது, வெர்மிகுலைட்டில் வளர்த்தது. அதில் சேர்த்த கொஞ்ச மண்ணும் வேகவைத்தது, எங்கள் பக்கம் உருளையும் கிடையாது, நூற்புழுப் பயம் வேண்டாம். வடுகபட்டிக்குப் பூண்டு இறக்க வண்டி வரும்போது சொல்லுங்கள், வத்தலக்குண்டில் கொடுத்துவிடச் சொல்கிறேன். பணம் வேண்டாம், மலைப்பூண்டு ஒரு கட்டு போதும்.

குன்னூர் தாத்தா

திட்டவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். வேம் போடும் பாத்திகளுக்கு நடுநடுவே சில பாத்திகளில் வெறும் வெர்மிகுலைட்டை அதே அளவு போடுங்கள். வெர்மிகுலைட்டே ஈரம் பிடிக்கும், அதனாலேயே பயிர் கொஞ்சம் தெளியும். எதுவும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டால் அந்தப் பெயரையும் பூஞ்சை வாங்கிக்கொள்ளும். எந்தப் பாத்திக்கு எது என்று குறித்த சீட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அறுவடையில் நீங்கள் பார்க்காமல் எடை போடுங்கள்.

பூம்பாறைப் பூண்டு

அம்மாவிடம் கேட்டேன். சீட்டை வைத்துக்கொள்கிறாராம். பூஞ்சைப் பாத்திப் பூண்டை மட்டும் குழம்புக்கு எடுக்க மாட்டாராம், அதனால் எது எந்தப் பாத்தி என்று எனக்கு அறுவடைக்கு முன்பே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்

அப்படியானால் சீட்டை எனக்கு அனுப்பிவிடுங்கள். நட்டு மூன்றாவது வாரம் வேர் அனுப்ப மறக்காதீர்கள், இந்த முறை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும்.